அண்ணியும் வீட்டோட மாப்பிள்ளையும்

வடிகட்டியை உள்ளே தள்ளி, அது ‘டக்’ என்று பொருந்திய சத்தம் கேட்ட பிறகும் அண்ணிக்கு மனசு ஆறாது. இரண்டு விரலால் இன்னொரு தரம் அழுத்துகிறார். தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறார். பிறகு பொத்தானை அமுக்குகிறார். உள்ளே காற்றாடி சுழலும் மெல்லிய உறுமல் கிளம்பியதும், “ம், மாப்பிள்ளை எழுந்துட்டார்” என்று கூடத்துக்கே கேட்கும்படி அறிவிக்கிறார். லிஃப்டுக்குக் காத்து நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கட்டடத்துக்குப் புதிதாக வந்தவர்கள் மட்டும் எந்த மாப்பிள்ளை, எங்கே தூங்கிக்கொண்டிருந்தார் என்று சுற்றிலும் பார்க்கிறார்கள்.

மாப்பிள்ளை, பீரோ அளவுக்கு இருக்கும் ஓர் எஃகுப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு. உள்ளே எண்ணெய்த் தொட்டி, அதில் இறங்கி ஏற ஒரு கம்பிக்கூடை. தொட்டிக்கு மேலே வடிகட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. முதலில் எஃகுத் தகடு. எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் நெருக்கமாக மடித்த தடித்த தாள். புகை அதைத் தாண்டாது. கடைசியில் கரி, வாசனை அங்கே அடங்கிவிடும். இத்தனையும் கடந்து வரும் காற்று, பெட்டியின் உச்சியிலிருந்து மறுபடி அதே கூடத்துக்குள் வந்து கலக்கிறது. புகைபோக்கி கிடையாது. சுவரில் ஓட்டை கிடையாது. ஏழு மாடிக் கட்டடத்தின் முன்கூடத்தில், லிஃப்ட் கதவிலிருந்து நாலு எட்டில் ஒரு பெண்மணி மீன் பொரிக்கிறார். பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நிம்மதியாக நாளிதழ் படிக்கிறார்.

“வீட்டோட மாப்பிள்ளைங்க. எது நடந்தாலும் வெளிய போய்ச் சொல்லமாட்டார். எல்லாத்தையும் உள்ளயே முழுங்கிக்குவார்” என்பது அண்ணி தரும் விளக்கம். “ஆனா மரியாதை கொஞ்சம் குறைஞ்சாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவார்.” இதுவும் உண்மைதான். வடிகட்டி ஓர் இழை விலகி இருந்தாலும் இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு, சூடேற மறுத்துவிடும். வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான். கெஞ்சிப் பயனில்லை, கழற்றிக் கழுவித்தான் ஆகவேண்டும். உள்ளே தீப்பிடித்தால் தானே மருந்தைத் தூவி அணைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. அதை மட்டும் அண்ணி கேலி செய்வதில்லை.

அவரை நானும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். கட்டடத்தின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர் அவருடைய கொழுந்தன். கொழுந்தன் கூப்பிட்டதைக் கேட்டுக் காவலாளி கூப்பிட்டார், காவலாளியைக் கேட்டுக் கண் மருத்துவமனைத் தாதிகள் கூப்பிட்டார்கள், கடைசியில் நரைத்த மீசை வைத்த கட்டட மேலாளரும் அண்ணி என்று ஆரம்பித்துவிட்டார். லாரி ஓட்டும் அண்ணியின் வீட்டுக்காரர் எப்போதாவது ஓய்வு நாளில் இங்கே வந்து சாப்பாட்டு வரிசையில் நிற்பார். அன்றைக்கு ஏழு மாடிக்கும் அவர்தான் அண்ணன். கூச்சத்தில் அவருக்குக் கை கால் ஓடாது.

அண்ணிக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. ரகசியம் சொன்னாலும் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குக் கேட்கும் என்று ஆசிரியர் சொல்வார். முன்பு வேலை பார்த்த சமையற்கூடத்தில் லாரிச் சக்கரம் அளவுக்கு ஒரு காற்றாடி சுவரில் இரைந்துகொண்டே இருந்ததாம். அதோடு போட்டி போட்டுப் பேசிப் பேசியே தொண்டை இப்படி ஆகிவிட்டது. “அந்த ஃபேன் நின்னு எவ்வளவோ நாளாச்சு. என் தொண்டைக்குத்தான் இன்னும் சேதி போகல” என்பார்.

இன்னொரு பழக்கம், எங்கே போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். வரவேற்பறையில் உட்காரச் சொன்னால் நேரே சமையலறைக்குப் போய் அண்ணாந்து நின்றார். பிறகு என் மனைவியிடம், ஜன்னல் பக்கத்து அடுப்பை விட்டுவிட்டு உள்பக்கத்து அடுப்பில்தானே பொரிக்கிறீர்கள் என்று கேட்டார். மேலே தெரிந்த மஞ்சள் வட்டம்தான் காட்டிக்கொடுத்தது. நான்தான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன் என்று மனைவி இன்றுவரை நம்புகிறாள்.

கூரையைப் பார்ப்பவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்குப் பழைய சமையற்கூடத்தின் கதையைச் சொல்லவேண்டும். தொழிற்சாலைகளுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு குத்தகைக்காரரிடம் ஏறத்தாழ இருபது வருஷம் பொரிக்கும் வேலை பார்த்தார் அண்ணி. ஊர்ப்புறத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டிகள், மறுபக்கம் அந்தக் காற்றாடி. பொரித்ததைப் பெரிய டப்பாக்களில் போட்டு மூடினால் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். யார் சாப்பிட்டார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள், ஒன்றும் தெரியாது. சாயங்காலம் டப்பாக்கள் திரும்பி வரும். “மிச்சத்தைப் பாத்துத்தான் ஜனங்களத் தெரிஞ்சுக்குவேன். ஓரத்துக் கருகலை மட்டும் கிள்ளிப் போட்டுட்டுச் சாப்பிடற ஆள் ஒருத்தர் இருந்தார். யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல” என்று ஒரு நாள் சொன்னார். அந்த ஆளை அவர் இன்னும் தேடுகிறார் என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்து பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். எண்ணெய்ப் புகை தலைமுடியில் ஏறி, துணியில் ஏறி, தோலிலும் ஏறியிருக்கும். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. வந்து உட்காருவார்கள், அடுத்த நிறுத்தத்தில் எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். இதைச் சொல்லும்போதும் அவர் வருத்தப்பட்டுக்கொள்வதில்லை. ஜன்னலோரம் எப்போதும் எனக்குத்தான் என்று சிரிக்கிறார்.

குத்தகைக்காரர் ஒரு முறை அண்ணியை உணவக சாமான்கள் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். பெரிய சட்டிகள் வாங்கவேண்டும், தடிமன் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். கம்பளம் விரித்த குளிரூட்டிய அரங்கம். அங்கே ஒரு மூலையில், அண்ணியின் வார்த்தையில் சொன்னால், “ஒரு பொண்ணு கம்பளத்து மேல நின்னுக்கிட்டு உருளைக்கிழங்கு பொரிக்குது. வெள்ளைச் சட்டை வேற. நான் மெஷினையே பாக்கல. மேல கூரையைத்தான் பாத்தேன். அப்படியே வெள்ளையா இருக்கு.”

அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஒவ்வொரு தடவையும் நின்றுகொண்டுதான் சொல்வார், உட்கார்ந்து சொல்லமுடியாது. அனுமதி கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, பெட்டியின் உச்சியில் காற்று வெளியேறும் இடத்தில் கையை நீட்டியிருக்கிறார். வெதுவெதுப்பாக வந்தது. பிசுபிசுப்பு இல்லை. கைக்குட்டையை விரித்துப் பிடித்தார், முகர்ந்தார். வேறு பக்கம் திருப்பிப் பிடித்தார், மறுபடி முகர்ந்தார். அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு இந்த அம்மா விழுந்துவிடுவாரோ என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். புகை எங்கே போகிறது, அதை யார் பிடிக்கிறார்கள், பிடித்ததை என்ன செய்கிறார்கள் என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். வடிகட்டிகளைக் கழற்றிக் காட்டச் சொல்லி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரங்கின் மறுகோடியில் குத்தகைக்காரர் சட்டிகளை வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார். திரும்பும் வழியில் சட்டி எப்படி என்று அவர் கேட்டதற்கு, “புகையைத் தின்ன வைக்கலாம் சார்” என்று மட்டும் பதில் சொன்னாராம்.

அன்றைக்கே கொழுந்தனைப் பிடித்தார். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் ஓர் அறை வெகுநாளாகப் பூட்டிக்கிடப்பது கொழுந்தன் மூலம் அவருக்குத் தெரியும். ஏழு மாடியில் இத்தனை பேர் வேலை பார்த்தும் உள்ளே ஒரு சாப்பாட்டுக் கடை இல்லை என்பதும் தெரியும். வேலையை விட்டார். இயந்திரத்தை வாடகைக்குத் தரும் நிறுவனத்தைத் தேடிப் பிடித்துப் பேசி முடித்தார். அப்புறம்தான் கட்டட மேலாளரைப் பார்க்கப் போனார். அவர் ‘முடியாது’ என்று சொன்னால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று கேட்டேன். அதை அப்போது யோசிக்கவில்லை என்றார்.

மேலாளர் ‘முடியாது’ என்றுதான் சொன்னார். வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி, அதில் துளை போட விதி இடம் கொடுக்காது. முன்பு இதே தரைத்தளத்தில் ஒருவர் சாதாரணப் புகைக்காற்றாடி வைத்துப் பலகாரக் கடை நடத்தினார். புகை வெளியே போகாமல் லிஃப்ட் குழி வழியாக மேலே ஏறிப் பெரிய வம்பாகிவிட்டது. அந்த வம்பின் நாயகர் முதல் மாடியில் இருக்கிறார்.

அவர் ஒரு தையற்கூடம் நடத்துகிறார். மருத்துவர்களும் ஆய்வுக்கூடக்காரர்களும் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டுகள் அங்கே தயாராகின்றன. ஒல்லியான மனிதர், சட்டைக் கழுத்துப்பட்டையில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். ஆகவே அவருக்குக் கட்டடத்தில் ஊசி என்று பெயர். பேச்சும் பெயருக்குப் பொருத்தம்தான். ஆனால் அந்தப் பலகாரக் கடை விஷயத்தில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. தைத்து, கஞ்சி போட்டு, அடுக்கி வைத்த கோட்டுகள் அத்தனையிலும் எண்ணெய் வாடை ஏறி, ஒரு மருத்துவமனை மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டது. புதுத்துணி வாடையை எப்படிக் குடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். தலைமுடி எப்படிக் குடிக்கும் என்பது அண்ணிக்குத் தெரியும். இருவரும் ஒரே கட்சி என்பது முதல் பேச்சில் இருவருக்குமே தெரியவில்லை.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பின்னறையில் அண்ணி சில காலம் சோதனையாக நடத்திப் பார்க்கலாம். கோட்டில் வாடை வந்தால் கேள்வியே இல்லாமல் காலி செய்யவேண்டும். கடை ஓடாவிட்டாலும் அறையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பழைய கோப்புகள் போட்டுவைக்க ஒரு கணக்காளர் அலுவலகம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊசி தன் பங்குக்குக் காரியத்தில் இறங்கினார். தினமும் காலையில் புத்தம்புதுக் கோட்டு ஒன்றை மாடிப்படித் திருப்பத்தில் கொக்கியில் மாட்டுவார். சாயங்காலம் எடுத்து, கை, கழுத்து, அக்குள் என்று ஒவ்வோர் இடமாக முகர்ந்து பார்ப்பார். படியேறிப் போகிறவர்கள், ஒரு பெரிய மனிதர் கோட்டுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வழிவிட்டுப் போவார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் பேச வேறு விஷயமே இல்லை.

பின்னறையில் இயந்திரம் சொன்னபடி நடந்துகொண்டது. கோழி பொரித்தார், வெங்காயம் பொரித்தார், ரொட்டியை முட்டையில் தோய்த்துப் பொரித்தார், புகை மூச்சுவிடவில்லை. ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. “புகையைத் தின்னுவார், சூட்டைத் தின்னமாட்டார்” என்று அண்ணி முகத்தைத் துடைத்துக்கொள்வார். வெளியே போகாத காற்று சூட்டையும் கூடவே வைத்துக்கொள்கிறது. சின்ன அறை. மத்தியானத்துக்குள் கொதிக்கும்.

அதையும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஆள் வரவில்லை. முதல் நாட்களில் கொழுந்தனின் சிநேகிதர்கள் வந்தார்கள், பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். அப்புறம் அவர்களும் குறைந்தார்கள். கட்டடம் முழுக்கப் பசித்த வயிறுகள்; எல்லாம் மத்தியானம் வாசலைத் தாண்டித் தெருக்கோடிக் கடைக்குப் போயின. அண்ணிக்கு விளங்கவில்லை. பதம் சரி, உப்பு சரி, எண்ணெய் புதுசு. மாலையில் ஆறிப்போன துண்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணக்காளர் அலுவலகத்துக்காரர் ஒரு நாள் அறை வாசலில் வந்து நின்று, அலமாரி எங்கே போடலாம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனார்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் ஊசி படியிறங்கி வந்தார். முகத்தில் கடுப்பு. கையில் கோட்டு.

“ஏம்மா, நீங்க கடையைத் தொறந்தாச்சா, இல்லையா?”

“தொறந்து நாளாச்சே. ஏன்?”

“அப்ப ஏன் இதுல ஒண்ணுமே வரமாட்டேங்குது?”

மேலாளரிடம் கொண்டுபோய்ப் போடுவதற்கு அவர் ஒரு புகாரைத் தயாராக வைத்திருந்தார். புகாருக்கு வேண்டிய வாடை மட்டும் கிடைக்கவில்லை. அவர் போன பிறகு அண்ணி சிரித்த சிரிப்பு எங்கள் மாடிக்குக் கேட்டது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது. “சிரிச்சுக்கிட்டே இருந்தேனா, அப்பத்தான் உறைச்சுது. மோந்து பாக்கறதையே வேலையா வச்சிருக்கிற மனுஷனுக்கே கடை இருக்கறது தெரியல. மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?”

தெருவில் போகிறவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்காரவைப்பது வாசனைதான். அதைத்தான் அவர் கரிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

கொழுந்தன் ஒரு வழி சொன்னார். கூடத்து வாசலில் சின்ன மின்சார அடுப்பு ஒன்றை வைத்து, சட்டியில் வெங்காயத்தைப் போட்டு லேசாக வதக்கினால் போதும். கோட்டுக்கு எட்டாது, ஜனங்களுக்கு எட்டும். யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. அண்ணி யோசிக்காமல் இல்லை. வெங்காயம்கூட எடுத்துவிட்டாராம். கத்தியை வைத்த பிறகு மனசு வரவில்லை. இந்த வாடையை விட்டு வெளியே வரத்தானே இத்தனை பாடுபட்டோம் என்று தோன்றியதாம். எழுந்து முன்கூடத்துக்குப் போனார். வழக்கப்படி அண்ணாந்து பார்த்தார்.

எங்கள் முன்கூடத்துக்குக் கூரை உயரம். இரண்டு ஆள் ஒருவர் தோளில் ஒருவர் நின்றாலும் தொடமுடியாது. குளிர்காற்று நாலு பக்கமும் இறங்கும். நடுவில் யாரும் உட்காராத நாற்காலிகளும் ஒரு பிளாஸ்டிக் செடியும் இருந்தன. கொழுந்தன் பின்னாலேயே வந்து நின்றார்.

“நம்மள யாரு பின்னாடி போய் உட்காரச் சொன்னது?” என்று கேட்டார் அண்ணி.

“சமையல்கட்டு பின்னாடிதானே அண்ணி இருக்கும்.”

“ஏன் பின்னாடி இருக்கு?”

“புகை வெளிய போகணும்ல.”

“நம்மகிட்டதான் புகையே இல்லையே.”

கொழுந்தன் செடியைப் பார்த்தார். இதை என்னிடம் சொன்னபோதும் அவருக்கு உடம்பு புல்லரித்தது. கையை நீட்டிக் காட்டினார். சுவர் தேவையில்லாத அடுப்பை, கூரைக்குக் குழாய் கேட்காத அடுப்பை, உலகத்து எல்லா அடுப்புகளையும் போலச் சுவரோரம் இருட்டறையில் வைத்துவிட்டு இத்தனை நாள் ஏங்கியிருக்கிறார்கள். வாசனை இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. நடுக்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பொன்னிறத்தில் குமிழியிட்டுப் பொரிவதைப் பார்த்துக்கொண்டே எத்தனை பேர் லிஃப்டுக்குக் காத்திருப்பார்கள்?

அண்ணி அன்றே மேலாளர் அறைக்குப் போய் இதைச் சொன்னார். கதவு சாத்தியிருந்தும் அந்த மாடி முழுக்கக் கேட்டது. மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னறையில் இருந்ததே பெரிசு, முன்கூடத்தில், அதுவும் லிஃப்ட் குழியின் வாயிலேயே எண்ணெய் காய்வதா? ஆனால் அவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெயிலில் தெருக்கோடி வரை நடக்கிறவர்தான். தீயணைப்பு அதிகாரியை வரவழைத்து இயந்திரத்தைக் காட்டினார். அதிகாரி உள்ளே இருந்த அணைப்பானைச் சோதித்துவிட்டுத் தடையில்லை என்றார். மிச்சம் இருந்தது முதல் மாடி. ஊசி ஒப்புக்கொண்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று மேலாளர் பந்தைத் தள்ளிவிட்டார்.

ஊசி சுற்றி வளைக்கவில்லை. “மீன் பொரிங்க. லிஃப்டை என் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் ஓட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. கீழ இருக்கிற காத்தை அதுதான் மேல தள்ளும். நான் கதவுகிட்ட கோட்டை மாட்டிட்டு உட்கார்ந்திருப்பேன்.”

“கோட்டுல வந்துச்சுன்னா நானே மெஷின வண்டியில ஏத்திடறேன்” என்றார் அண்ணி. சொல்லிவிட்டாரே தவிர, அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை என்று பின்னால் சொன்னார். பழைய வேலையில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. வண்டியில் ஏற்றினால் திரும்பிப் போக இடம் கிடையாது.

சோதனை நாள் எப்படித் திருவிழாக் கூட்டம் ஆனது என்பதற்குக் காரணம் சாதாரணமானது. இரண்டு லிஃப்டில் ஒன்று பழுது. இன்னொன்றைக் கொழுந்தன் சோதனைக்காக மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆகவே கட்டடத்துக்கு வந்த அத்தனை பேரும் முன்கூடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். கண்ணில் சொட்டுமருந்து போட்டுக்கொண்டவர்கள், கணக்காளர்கள், பொட்டலம் கொண்டுவந்தவர்கள், கையில் அச்சுப்பிழை திருத்திய தாள்களோடு நான். பின்னறையிலிருந்து கூடத்துக்கு நகர்த்தியிருந்த இயந்திரத்துக்கு அருகில், புதிதாக வைத்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அண்ணி நின்றார். தலைமுடியை இழுத்து முடிந்திருந்தார். மசாலா தடவிய மீன் துண்டுகள் தட்டில் தயாராக இருந்தன.

பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கீச்சென்று ஒரு சத்தம். காற்றாடி அசையவில்லை.

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மறுபடி அமுக்கினார், மறுபடி சிவப்பு. கொழுந்தன் லிஃப்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, பின்னால் இருக்கும் ஒரு கம்பியை இணைத்துவிட்டால் இயந்திரத்தை ஏமாற்றி ஓடவைக்கலாம், இன்று ஒரு நாள்தானே என்று மெதுவாகச் சொன்னார். அண்ணி மெதுவாகச் சொல்லத் தெரியாதவர். “வேணாம். ஏமாத்தி ஓட்டினா ஏமாந்துபோறது நாமதான். நீங்க லிஃப்டுக்குப் போங்க” என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. வடிகட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார். கரி அடுக்கின் மூலையில், இடம் மாற்றும்போது சுற்றிய நெகிழித் தாளின் ஒரு கிழிசல் நகத்தளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உரித்தார். அடுக்குகளைத் திரும்ப வரிசையாக உள்ளே தள்ளினார்.

டக்.

உறுமல் கிளம்பியதும் கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய் காய்ந்தது. கூடை இறங்கியது. கண்ணாடிக்குள் மீன் துண்டுகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் பொங்கி, ஓரம் சிவந்து, மெல்ல மெல்லப் பொன்னிறம் ஏறுவதை இத்தனை பேரும் லிஃப்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பொரியும் சத்தம் மட்டும் மழை மாதிரி லேசாகக் கேட்டது. மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. நான் ஓர் அடி முன்னால் வைத்தேன், பக்கத்தில் இருந்த தாதியும் வைத்தார். அண்ணி கதவைத் திறந்து கூடையைத் தூக்கியபோது, நூல் போல ஒரு வாசனை வந்து தொட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தத் தாதி, எப்போது கிடைக்கும் என்று கேட்டார். மேலிருந்து பதில் வராமல் யாருக்கும் கொடுப்பதற்கில்லை என்றார் அண்ணி. அதற்குள் தாதிக்குப் பின்னால் நாலைந்து பேர் வரிசையாக நின்றுவிட்டார்கள். நானும் அதில் ஒருவன்.

லிஃப்ட் மேலே போனது, வந்தது. கொழுந்தன் மட்டும் இருந்தார்; உதட்டைப் பிதுக்கினார். மறுபடி போனது, வந்தது. இரண்டாவது கூடை மீனும் பொரிந்து முடிந்தது. மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை கதவு திறந்தபோது ஊசி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் கோட்டுகள், தோளில் ஒன்று. கூட்டம் அவருக்கு வழிவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நின்று, மூக்கைச் சுருக்கி, நிதானமாக மூச்சை இழுத்தார்.

“மேல ஒண்ணும் வரல” என்றார். “கழுத்துப்பட்டை, அக்குள், பாக்கெட்டு உள்பக்கம், எல்லாம் பாத்துட்டேன். கஞ்சி வாசனைதான் இருக்கு.”

கூடம் சலசலத்தது. அவர் கையை உயர்த்தினார். இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

“இங்க கிட்ட நின்னா கொஞ்சம் வருது.”

“இங்க வரும்ங்க” என்றார் அண்ணி. அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. “கதவைத் தொறந்தா இந்த இடத்துக்குக் கொஞ்சம் வரத்தான் செய்யும். அதை நான் இல்லன்னு சொல்லமாட்டேன்.”

ஊசி அவரைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். கோட்டுகளை மேலாளரின் கைகளில் அடுக்கினார், அவரும் தாங்கிக்கொண்டார். அருகில் இருந்த நாற்காலியை இழுத்துத் தடுப்புக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“காலையிலருந்து கோட்டை மோந்து மோந்தே பசிக்குதும்மா. ஒரு துண்டு குடுங்க.”

கொழுந்தன் லிஃப்டுக்குள்ளிருந்து விசிலடித்தார். வரிசை இன்னும் நீண்டது. தாதி, தான்தான் முதலில் கேட்டது என்று நினைவுபடுத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணி பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார். இத்தனை வருஷம் அவர் பொரித்ததெல்லாம் மூடி போட்டு அவர் கண்ணை விட்டுப் போயிருக்கிறது. இப்போது ஒருவர் எதிரிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, துண்டைப் பிட்டு ஊதிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆள் தட்டை நீட்டியதை அண்ணி கவனிக்கவில்லை. இடுக்கி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. ஊசி மீனை உதட்டருகே கொண்டுபோய் வாயைத் திறந்தபோது, குழந்தைக்குச் சோறூட்டுகிறவளைப் போல, அண்ணியின் வாயும் தானாகத் திறந்துகொண்டது.